அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு

அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு என்பது இந்திய அரசியலமைப்பைத் திருத்துவதற்கு நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தின் எல்லையை வரையறுக்கும் சட்டக் கோட்பாடு ஆகும். நாடாளுமன்றம் அரசியலமைப்பின் எந்தப் பிரிவையும் திருத்தலாம். ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கவோ அழிக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை என்பதே இதன் சாரம். கேசவானந்த பாரதி எதிர் கேரள மாநிலம் என்ற வழக்கில், 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று, இந்திய உச்ச நீதிமன்றத்தின் பதின்மூன்று நீதிபதிகளைக் கொண்ட அமர்வு 7-6 என்ற பெரும்பான்மையில் இதனை வகுத்தது.

"அடிப்படைக் கட்டமைப்பு" என்ற சொற்றொடர் அரசியலமைப்பில் எங்கும் இடம்பெறவில்லை. இது முழுவதும் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாக உருவானது. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை ஆகிய மூன்றில் எதுவும் எல்லையற்ற அதிகாரம் கொண்டதாக ஆகிவிடக் கூடாது என்பது இதன் நோக்கமாகக் கூறப்படுகிறது. அதே வேளையில், இறுதி முடிவை நீதிபதிகளின் கையில் ஒப்படைப்பதாகவும் இது விமர்சிக்கப்படுகிறது.

திருத்தும் அதிகாரமும் அடிப்படை உரிமைகளும்

1950ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டிருந்தது.

முதலாவது, 13ஆவது பிரிவு. அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் வழங்கப்பட்டுள்ள அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் அல்லது குறைக்கும் சட்டம் எதையும் அரசு இயற்றக் கூடாது என்றும், அவ்வாறு இயற்றினால் முரண்படும் அளவுக்கு அச்சட்டம் செல்லாது என்றும் அது கூறுகிறது. உரிமை மீறப்பட்ட குடிமகன் 32ஆவது பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தையும், 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். சட்டமும் அரசாணையும் அரசியலமைப்புக்கு உட்பட்டவையா என நீதிமன்றம் ஆராயும் இந்த அதிகாரம் நீதிப் புனராய்வு எனப்படுகிறது.

இரண்டாவது, 368ஆவது பிரிவு. இது அரசியலமைப்பைத் திருத்தும் முறையைக் கூறுகிறது. நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், அவைக்கு வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோரும் ஆதரித்தால் திருத்த மசோதா நிறைவேறும். குடியரசுத் தலைவர் தேர்தல், மத்திய மாநில அதிகாரப் பகிர்வு, உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் போன்றவை பற்றிய பிரிவுகளுக்கு, மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதியின் ஒப்புதலும் தேவை.

அரசியலமைப்புத் திருத்தமும் 13ஆவது பிரிவு கூறும் "சட்டம்" தானா? ஆம் என்றால் அடிப்படை உரிமைகளை எந்தத் திருத்தத்தாலும் குறைக்க இயலாது. இல்லை என்றால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கொண்ட எந்த அரசும் அவற்றை அடியோடு நீக்கிவிட இயலும். இக்கேள்விக்கு விடை காண உச்ச நீதிமன்றத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

வரலாற்றுப் பின்னணி

முதல் திருத்தம்

விடுதலைக்குப் பின் மாநில அரசுகள் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை இயற்றின. நிலவுடைமையாளர்கள் சொத்துரிமையை முன்வைத்து அவற்றை எதிர்த்தனர். பீகார் மாநிலச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் செல்லாது என அறிவித்தது. அடுத்த மாதம், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

இவற்றுக்கு விடையாக ஜவகர்லால் நேரு தலைமையிலான அரசு 1951 ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. இதன்படி, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய வழிவகுக்கும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. மேலும் 31ஆ பிரிவும் ஒன்பதாவது அட்டவணையும் உருவாக்கப்பட்டன. இவ்வட்டவணையில் சேர்க்கப்படும் சட்டங்களை, அடிப்படை உரிமைகளுக்கு முரணானவை என்று கூறி எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்க இயலாது. தொடக்கத்தில் 13 நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் அதில் இடம்பெற்றன. பிற்காலத்தில் அவற்றின் எண்ணிக்கை 284 ஆக வளர்ந்தது.

சங்கரி பிரசாத் முதல் கோலக்நாத் வரை

முதல் திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில் (1951), ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அரசின் நிலைப்பாட்டை ஏற்றது. சாதாரணச் சட்டமியற்றும் அதிகாரம் வேறு, அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் வேறு. 13ஆவது பிரிவு முன்னதை மட்டுமே கட்டுப்படுத்தும் என நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு கூறியது.

1964ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம் மேலும் 44 சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அதனை எதிர்த்த சஜ்ஜன் சிங் வழக்கிலும் அரசே வென்றது. எனினும் நீதிபதிகள் ஹிதாயதுல்லா, முதோல்கர் ஆகிய இருவரும் ஐயம் எழுப்பினர். அரசியலமைப்பின் ஓர் "அடிப்படைக் கூறை" மாற்றுவது திருத்தம்தானா, அல்லது அரசியலமைப்பின் ஒரு பகுதியை மாற்றி எழுதுவதா என்று முதோல்கர் கேட்டார்.

ஜெர்மானியச் சட்ட அறிஞர் டீட்டர் கான்ராட் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இதே பொருள் பற்றி உரையாற்றினார். ஹிட்லரின் ஆட்சியில் ஒரு மக்களாட்சி அரசியலமைப்பு உள்ளிருந்தே வெறுமையாக்கப்பட்டதைக் கண்ட ஜெர்மனி, 1949இல் இயற்றிய தனது அடிப்படைச் சட்டத்தில் எத்திருத்தத்தாலும் தொட இயலாத சில கூறுகளை எழுதிவைத்திருந்தது. திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லைகள் உண்டு என்ற கான்ராட்டின் கருத்தை, வழக்குரைஞர் எம். கே. நம்பியார் கோலக்நாத் வழக்கில் வாதமாக முன்வைத்தார்.

பஞ்சாப் மாநில நில உச்சவரம்பு தொடர்பான கோலக்நாத் வழக்கில், 1967 பிப்ரவரி 27 அன்று பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு 6-5 என்ற பெரும்பான்மையில் முந்தைய தீர்ப்புகளை மாற்றியது. அரசியலமைப்புத் திருத்தமும் "சட்டமே". எனவே அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை எனத் தலைமை நீதிபதி கே. சுப்பா ராவ் தீர்ப்பளித்தார். ஆயினும் பழைய திருத்தங்களும் அவற்றின்படி நடந்த நிலச்சீர்திருத்தங்களும் குலையாதிருக்க, தீர்ப்பு எதிர்காலத்துக்கு மட்டுமே பொருந்தும் என அறிவிக்கப்பட்டது.

நாடாளுமன்றத்தின் மறுமொழி

1969இல் பதினான்கு வங்கிகளை அரசுடைமையாக்கிய சட்டத்தையும், முன்னாள் மன்னர்களின் சலுகைகளை நீக்கிய குடியரசுத் தலைவரின் ஆணையையும் உச்ச நீதிமன்றம் 1970இல் செல்லாதவையாக்கியது. 1971 மார்ச் பொதுத் தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற இந்திரா காந்தியின் அரசு, தொடர்ச்சியாகப் பின்வரும் திருத்தங்களைக் கொண்டுவந்தது.

• 24ஆவது திருத்தம் (1971): அடிப்படை உரிமைகள் உட்பட எப்பிரிவையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்றது.
• 25ஆவது திருத்தம் (1971): குறிப்பிட்ட சில வழிகாட்டு நெறிகளை நிறைவேற்ற இயற்றப்படும் சட்டங்களைச் சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சொத்துரிமை ஆகியவற்றின் அடிப்படையில் எதிர்க்க இயலாது என்றது. அத்தகைய நோக்கம் உண்டு எனச் சட்டமே அறிவித்துக்கொண்டால் நீதிமன்றம் அதனை ஆராயவும் கூடாது என்றது.
• 26ஆவது திருத்தம் (1971): மன்னர் மானியத்தை ஒழித்தது.
• 29ஆவது திருத்தம் (1972): கேரளத்தின் இரண்டு நிலச்சீர்திருத்தச் சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது.

கேசவானந்த பாரதி வழக்கு

கேரளத்தில் காசர்கோடு அருகே உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, மடத்தின் நிலங்களைப் பாதித்த கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து 1970 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே மேற்கூறிய திருத்தங்கள் வந்ததால், 24, 25, 29ஆவது திருத்தங்களையும் எதிர்ப்பதாக அது விரிவடைந்தது. இவ்வாறு ஒரு மடத்தின் நில வழக்கு, நாடாளுமன்றத்தின் அதிகார எல்லையைத் தீர்மானிக்கும் வழக்காக மாறியது.

கோலக்நாத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருந்ததால் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்தனர். இந்திய உச்ச நீதிமன்ற வரலாற்றில் இதுவே மிகப் பெரிய அமர்வு ஆகும். 1972 அக்டோபர் 31 முதல் 1973 மார்ச் 23 வரை 68 நாட்கள் விசாரணை நடந்தது. மனுதாரர் சார்பில் நானி பால்கிவாலாவும், கேரள அரசு சார்பில் எச். எம். சீர்வையும், மத்திய அரசு சார்பில் தலைமை வழக்குரைஞர் நிரேன் டேயும் வாதிட்டனர். எல்லையற்ற திருத்த அதிகாரம் உண்டெனில், நாடாளுமன்றம் தன் பதவிக்காலத்தைத் தானே நீட்டித்துக்கொள்ளவும் தேர்தலை ஒழிக்கவும் முடியும் என்பது மனுதாரர் தரப்பின் வாதம். சமூகப் பொருளாதார மாற்றத்துக்குத் தடையாக எத்தலைமுறையும் வருந்தலைமுறையின் கைகளைக் கட்டிவிடக் கூடாது என்பது அரசுத் தரப்பின் வாதம்.

தீர்ப்பு

தலைமை நீதிபதி எஸ். எம். சிக்ரி ஓய்வு பெறுவதற்கு முதல் நாளான ஏப்ரல் 24, 1973 அன்று பதினொரு தனித்தனித் தீர்ப்புரைகள் வழங்கப்பட்டன. சிக்ரி, ஷேலத், ஹெக்டே, குரோவர், ஜகன்மோகன் ரெட்டி, முகர்ஜி ஆகிய ஆறு நீதிபதிகள் திருத்த அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லைகள் உண்டு என்றனர். ராய், பாலேக்கர், மேத்யூ, பேக், துவிவேதி, சந்திரசூட் ஆகிய ஆறு நீதிபதிகள் அத்தகைய எல்லை எதுவும் இல்லை என்றனர்.

எஞ்சிய ஒருவரான நீதிபதி எச். ஆர். கன்னாவின் கருத்தே முடிவைத் தீர்மானித்தது. அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம் என்பதில் அவர் அரசின் பக்கம் நின்றார். சொத்துரிமை அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்றும் கூறினார். ஆனால் "திருத்தம்" என்ற சொல்லே பழைய அரசியலமைப்பு தன் அடையாளம் அழியாமல் தொடர்வதைக் குறிக்கிறது. அதனை அழித்துவிட்டு வேறொன்றை வைப்பது திருத்தம் ஆகாது என்று அவர் விளக்கினார்.

இதன்படி கோலக்நாத் தீர்ப்பு கைவிடப்பட்டது. 24ஆவது, 29ஆவது திருத்தங்கள் செல்லும் எனவும், 25ஆவது திருத்தத்தில் நீதிமன்ற ஆய்வைத் தடுத்த பகுதி மட்டும் செல்லாது எனவும் முடிவானது. தீர்ப்பின் சுருக்கத்தில் ஒன்பது நீதிபதிகள் கையொப்பமிட்டனர்; நால்வர் கையொப்பமிடவில்லை. வழக்குத் தொடுத்த கேசவானந்த பாரதியால் தாம் எதிர்த்த நிலச்சீர்திருத்தச் சட்டங்களைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் அவர் பெயர் இந்தியச் சட்ட வரலாற்றில் நிலைத்தது. அவர் 2020 செப்டம்பர் 6 அன்று காலமானார்.

நெருக்கடி நிலைக் காலம்

பணிமூப்பு மீறல்

தீர்ப்பு வெளிவந்தவுடன், பணிமூப்பில் முன்னிருந்த ஷேலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தவிர்த்துவிட்டு, அரசுக்குச் சார்பாகக் கருத்துரைத்த ஏ. என். ராய் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். நீதித்துறையின் சுதந்திரம் தீர்ப்புகளால் மட்டுமன்றி நியமனங்களாலும் தீர்மானிக்கப்படுகிறது என்ற விவாதம் இதிலிருந்து வலுப்பெற்றது.

தேர்தல் வழக்கு

1971 தேர்தலில் ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றியை, ராஜ் நாராயண் தொடுத்த வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 1975 ஜூன் 12 அன்று செல்லாது என அறிவித்தது. ஜூன் 25 அன்று நாடெங்கும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும் முன்னரே, ஆகஸ்டில் 39ஆவது திருத்தம் நிறைவேறியது. பிரதமர், மக்களவைத் தலைவர் ஆகியோரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது என்றும், ஏற்கெனவே வந்த தீர்ப்பும் செல்லாது என்றும் அது கூறியது.

1975 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் இப்பகுதியைச் செல்லாததாக்கியது. ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நீக்க அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பயன்பட்ட முதல் வழக்கு இதுவாகும். கேசவானந்த பாரதி வழக்கில் கோட்பாட்டை ஏற்காத நீதிபதிகளும் இப்போது அத்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே முடிவெடுத்தனர். எனினும் தேர்தல் சட்டத்தில் முன்தேதியிட்டுச் செய்யப்பட்ட மாற்றங்கள் ஏற்கப்பட்டதால், இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லும் என்றே முடிவானது.

அதே மாதத்தில், கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுஆய்வு செய்யத் தலைமை நீதிபதி ராய் மீண்டும் பதின்மூன்று நீதிபதிகளை அமர்த்தினார். மறுஆய்வு கோரி முறையான மனு எதுவும் இல்லை எனப் பால்கிவாலா வாதிட்டார். விசாரணை தொடங்கி இரண்டு நாட்களுக்குப் பின், நவம்பர் 12 அன்று அமர்வு கலைக்கப்பட்டது.

ஆட்கொணர்வு வழக்கு

நெருக்கடி நிலையில் எதிர்க்கட்சித் தலைவர்களும் மற்றும் பலரும் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றத்தை அணுகும் உரிமை குடியரசுத் தலைவரின் ஆணையால் நிறுத்தப்பட்டிருந்தது. இருப்பினும் ஒருவரைச் சட்டப்படிதான் காவலில் வைத்துள்ளனரா என ஆராயலாம் என ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. மேல்முறையீட்டில், ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நீதிபதி எதிர் சிவகாந்த் சுக்லா என்ற வழக்கில், 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 4-1 என்ற பெரும்பான்மையில் அதனை மறுத்தது. காவலில் உள்ளவர் ஆட்கொணர்வு மனு எதனையும் தாக்கல் செய்ய இயலாது என்றது. நீதிபதி கன்னா ஒருவரே மாறுபட்டார். சட்டத்தின் அனுமதியின்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பறிக்க அரசுக்கு எக்காலத்திலும் அதிகாரம் இல்லை என்று எழுதினார். 1977 ஜனவரியில் அவரைத் தவிர்த்து எம். எச். பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது கன்னா பதவி விலகினார்.

இவ்வழக்கு அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டின் எல்லையைக் காட்டுவதாகும். நாடாளுமன்றம் அரசியலமைப்பை அழிப்பதைத் தடுக்கும் கருவி 1973 முதல் உச்ச நீதிமன்றத்தின் கையில் இருந்தது. ஆனால் அரசியலமைப்பின் ஓர் எழுத்தும் மாறாமலே, ஆட்சித்துறை ஆணை ஒன்றின் மூலம் குடிமக்களின் சுதந்திரம் நிறுத்திவைக்கப்பட்டபோது அக்கருவியால் பயன் விளையவில்லை. இக்குறையை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் ஓரளவு நீக்கியது. அதன்படி உயிர் வாழும் உரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவையும், குற்றவியல் தண்டனை தொடர்பான பாதுகாப்புகளைக் கொண்ட 20ஆவது பிரிவையும் நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க இயலாது. நெருக்கடி நிலையை அறிவிக்க அமைச்சரவையின் எழுத்துமூலப் பரிந்துரை கட்டாயமாக்கப்பட்டது; "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணம் நீக்கப்பட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என மாற்றப்பட்டது. அதே திருத்தம், இவ்வழக்குகள் அனைத்துக்கும் தொடக்கமாக இருந்த சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே நீக்கியது.

1976ஆம் ஆண்டின் தீர்ப்பை, அந்தரங்க உரிமை தொடர்பான புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று வெளிப்படையாகக் கைவிட்டது. 1976இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் இடம்பெற்ற ஒய். வி. சந்திரசூட்டின் மகனான நீதிபதி டி. ஒய். சந்திரசூட்டே, அத்தீர்ப்பு பிழையானது என 2017இல் எழுதியவர் ஆவார்.

42ஆவது திருத்தமும் மினர்வா மில்ஸ் வழக்கும்

நெருக்கடி நிலையின்போது 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம், 368ஆவது பிரிவில் இரண்டு உட்பிரிவுகளைச் சேர்த்தது. எந்த அரசியலமைப்புத் திருத்தத்தையும் எக்காரணம் கொண்டும் எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்க இயலாது என்றும், திருத்தும் அதிகாரத்துக்கு எவ்வித வரம்பும் இல்லை என்றும் அவை அறிவித்தன. எந்த ஒரு வழிகாட்டு நெறியை நிறைவேற்ற இயற்றப்படும் சட்டமும் சமத்துவ, சுதந்திர உரிமைகளை மீறினாலும் செல்லும் எனவும் மாற்றப்பட்டது.

கர்நாடக மாநிலத்தின் ஜவுளி ஆலை ஒன்று தொடுத்த மினர்வா மில்ஸ் வழக்கில், 1980 ஜூலை 31 அன்று இவை செல்லாதவையாக்கப்பட்டன. அரசியலமைப்பு நாடாளுமன்றத்துக்கு வரம்புக்குட்பட்ட திருத்த அதிகாரத்தையே வழங்கியுள்ளது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியே வரம்பை நீக்கி, அதனை எல்லையற்ற அதிகாரமாக மாற்றிக்கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் மையக் கருத்தாகும். அடிப்படை உரிமைகளுக்கும் வழிகாட்டு நெறிகளுக்கும் இடையிலான சமநிலையே அடிப்படைக் கட்டமைப்பின் ஒரு கூறு எனவும் கூறப்பட்டது.

அடிப்படைக் கட்டமைப்பின் கூறுகள்

முழுமையான பட்டியல் எதனையும் உச்ச நீதிமன்றம் வகுக்கவில்லை. வழக்குக்கு வழக்கு ஆராய்ந்தே முடிவு செய்யப்படுகிறது. பல்வேறு தீர்ப்புகளில் ஏற்கப்பட்ட முதன்மையான கூறுகள் வருமாறு:

• அரசியலமைப்பின் மேலாண்மை
• குடியரசு, மக்களாட்சி முறை
• சமயச்சார்பின்மை
• கூட்டாட்சித் தன்மை
• சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை ஆகியவற்றிடையே அதிகாரப் பிரிவினை
• சட்டத்தின் ஆட்சி
• நீதிப் புனராய்வு
• நீதித்துறையின் சுதந்திரம்
• சுதந்திரமான, நேர்மையான தேர்தல்
• நாடாளுமன்றத்தின் வரம்புக்குட்பட்ட திருத்த அதிகாரம்

பிற்கால வழக்குகள்

ஒன்பதாவது அட்டவணையும் கூடலூர் நிலங்களும்

கேசவானந்த பாரதி தீர்ப்பு நாளான 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பின்படி எதிர்க்கலாம் என வாமன் ராவ் வழக்கு (1981) கூறியது. இதனை விரிவாக ஆராய்ந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியின் ஜென்மம் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வகைசெய்யும் 1969ஆம் ஆண்டின் சட்டத்தில், காடுகள் தொடர்பான பகுதியை உச்ச நீதிமன்றம் 1972இல் செல்லாததாக்கியது. பின்னர் அச்சட்டம் 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நீதிமன்றம் செல்லாது என்ற சட்டத்துக்கு இவ்வாறு மீண்டும் உயிர் கொடுக்க இயலுமா என்பதே ஐ. ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற வழக்கின் கேள்வி ஆகும்.

2007 ஜனவரி 11 அன்று, தலைமை நீதிபதி ஒய். கே. சபர்வால் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக விடையளித்தனர். சட்டம் எந்த அளவுக்கு உரிமைகளைப் பாதிக்கிறது, அப்பாதிப்பு அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்க்கிறதா என்பதை நீதிமன்றம் ஆராயலாம் என்றனர். குறிப்பிட்ட சட்டங்கள் செல்லுமா என்பதை அவ்வமர்வு முடிவு செய்யவில்லை. அளவுகோலை மட்டுமே வகுத்தது. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு வழிவகுக்கும் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தின் வழியாக இவ்வட்டவணையில் சேர்க்கப்பட்டதாகும். எனவே இத்தீர்ப்பு தமிழ்நாட்டில் தனிக் கவனம் பெற்றது.

மாநில ஆட்சிக் கலைப்பு

356ஆவது பிரிவின் கீழ் மாநில அரசுகளைக் கலைக்கும் மத்திய அரசின் அதிகாரம் பலமுறை பயன்படுத்தப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்றும், ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே 1991 ஜனவரி 30 அன்றும் திராவிட முன்னேற்றக் கழக அரசுகள் கலைக்கப்பட்டன. 1989இல் கலைக்கப்பட்ட கர்நாடக அரசின் முதலமைச்சர் எஸ். ஆர். பொம்மையின் பெயரால் அறியப்படும் வழக்கில், 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கூட்டாட்சியும் சமயச்சார்பின்மையும் அடிப்படைக் கூறுகள். கலைப்பு ஆணை நீதிப் புனராய்வுக்கு உட்பட்டது. பெரும்பான்மை சட்டமன்றத்திலேயே சோதிக்கப்பட வேண்டும் என்பன அதன் முடிவுகள்.

நீதித்துறை தொடர்பானவை

தீர்ப்பாயங்களை அமைத்து உயர் நீதிமன்றங்களின் ஆய்வு அதிகாரத்தை நீக்கியது செல்லாது எனச் சந்திர குமார் வழக்கு (1997) கூறியது. நீதிபதிகளை நியமிக்கத் தேசிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்திய 99ஆவது திருத்தம் (2014), நீதித்துறையின் சுதந்திரத்தைக் குலைப்பதாகக் கூறப்பட்டு 2015 அக்டோபர் 16 அன்று 4-1 என்ற பெரும்பான்மையில் நீக்கப்பட்டது. இதனால் மூத்த நீதிபதிகளின் குழுவே நியமனங்களைப் பரிந்துரைக்கும் முறை தொடர்ந்தது.

ஏற்கப்பட்ட திருத்தங்கள்

முற்பட்ட வகுப்பினரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு இட ஒதுக்கீடு வழங்கிய 103ஆவது திருத்தம் (2019) அடிப்படைக் கட்டமைப்பை மீறவில்லை என 2022 நவம்பர் 7 அன்று 3-2 என்ற பெரும்பான்மையில் முடிவானது. பொதுவாக இக்கோட்பாடு அரசியலமைப்புத் திருத்தங்களுக்கே பொருந்தும். சாதாரணச் சட்டம் ஒன்றை அரசியலமைப்பின் குறிப்பிட்ட பிரிவுகளைக் காட்டியே எதிர்க்க வேண்டும் என்பதை 2024இல் உத்தரப் பிரதேச மதராசாக் கல்விச் சட்ட வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

விமர்சனங்கள்

அரசியலமைப்பில் எழுதப்படாத ஒன்றை நீதிபதிகள் உருவாக்கினர் என்பதும், மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் மக்கள் பிரதிநிதிகளின் பெரும்பான்மை முடிவை மறுக்கின்றனர் என்பதும் முதன்மையான விமர்சனங்கள் ஆகும். கூறுகளின் பட்டியல் வரையறுக்கப்படாததால், எது அடிப்படை என்பது அவ்வப்போதைய நீதிபதிகளின் கருத்தைப் பொறுத்ததாகிறது எனவும் கூறப்படுகிறது. 99ஆவது திருத்தத்தை நீக்கியதன் மூலம் நீதிபதிகள் தம் நியமன அதிகாரத்தைத் தாமே காத்துக்கொண்டனர் என்ற குறையும் உண்டு. 2023 ஜனவரியில் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தங்கர் இக்கோட்பாட்டை வெளிப்படையாக விமர்சித்தார். அதே மாதத்தில் அப்போதைய தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட், அரசியலமைப்பைப் பொருள்கொள்வோருக்கு வழிகாட்டும் துருவ விண்மீன் என இதனைக் குறிப்பிட்டார்.

2023 வரை அரசியலமைப்பு 106 முறை திருத்தப்பட்டுள்ளது. அவற்றுள் இக்கோட்பாட்டின்படி முழுமையாகவோ பகுதியாகவோ நீக்கப்பட்டவை மிகச் சிலவே என ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். நீக்கப்பட்டவற்றுள் பல, நீதிமன்றம் ஆராய்வதையே தடுக்க முயன்றவை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிற நாடுகளில்

வங்காளதேச உச்ச நீதிமன்றம் 1989இல் அந்நாட்டு அரசியலமைப்பின் எட்டாவது திருத்த வழக்கில் இக்கோட்பாட்டை ஏற்று, உயர் நீதிமன்றத்தைப் பல நகரங்களில் பிரித்து அமைத்த பகுதியை நீக்கியது.

இலங்கையில் நிலை வேறு. 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, குறிப்பிட்ட சில பிரிவுகளை மாற்ற நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்பும் தேவை என 83ஆவது பிரிவில் தானே எழுதிவைத்துள்ளது. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தச் சட்டமூலம் 1987இல் உச்ச நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தபோது, இந்தியக் கோட்பாடு எடுத்துக்காட்டப்பட்டது. தலைமை நீதிபதி எஸ். சர்வானந்தா உள்ளிட்டோர் அதனை ஏற்கவில்லை. திருத்துவதற்கான வழிமுறையை அரசியலமைப்பே தெளிவாகக் கூறியிருப்பதால் அதற்கு மேல் ஓர் எல்லையை நீதிமன்றம் விதிக்க இயலாது என்றனர். மேலும் இலங்கையில் ஒரு சட்டம் நிறைவேறிய பின் அதன் செல்லுபடியை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது. சட்டமூலமாக இருக்கும்போதே எதிர்க்க வேண்டும். இந்தியாவில் இறுதிக் காவல் நீதிமன்றத்திடமும், இலங்கையில் குறிப்பிட்ட சில பிரிவுகளைப் பொறுத்தவரை மக்களின் நேரடி வாக்கிடமும் உள்ளன எனலாம்.